'எக்ஸஸிவ்' என்றால் வெறும் 'அதிகம்' தானா?

'எக்ஸஸிவ்' என்பதை 'வெரி மச்' என்பதற்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக்கூடாது. 'மிதமிஞ்சிய', 'அளவுக்கு மீறிய' என்பதுதான் பொருள். எல்லை தாண்டிப் போவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'எக்ஸீட்' என்ற வினைச்சொல்லும் அதே குடும்பம்.

நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம் 'ரொம்ப'. "காபி ரொம்பச் சூடு" என்றால் அது பாராட்டாகவும் இருக்கலாம், குறையாகவும் இருக்கலாம். 'எக்ஸஸிவ்' அப்படி இல்லை, அதில் குறை எப்போதும் உண்டு. 'எக்ஸஸிவ் ஹீட்' என்றால் தாங்க முடியாத வெயில். 'எக்ஸஸிவ் ப்ளீடிங்' என்றால் கவலைப்பட வேண்டிய இரத்தப்போக்கு. நண்பரின் உதவியைப் புகழும்போது 'எக்ஸஸிவ் ஹெல்ப்' என்று எழுதிவிடாதீர்கள், அவர் மனம் புண்படும்.

சட்டத்திலும் இதே பொருள்தான். 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் 8-ஆம் திருத்தம் 'எக்ஸஸிவ்' பிணைத்தொகையையும் அபராதத்தையும் தடுக்கிறது. அபராதமே கூடாது என்பதில்லை, நியாயமான அளவைத் தாண்டக்கூடாது என்பதுதான்.

சரி, விமானப் பயணத்தில் சொல்லும் 'எக்ஸஸ் பேக்கேஜ்'? அது வேறு. 23 கிலோ வரம்புள்ள டிக்கெட்டில் 24 கிலோ கொண்டு போனால் அந்த ஒரு கிலோ 'எக்ஸஸ்', வெறும் கணக்கு. இரண்டு நாள் பயணத்துக்கு நான்கு பெட்டி கட்டினால் அது 'எக்ஸஸிவ்', பார்ப்பவரின் தீர்ப்பு.

அப்புறம், 'டூ எக்ஸஸிவ்' வேண்டாம். 'அளவுக்கு மேல்' என்ற 'டூ'வின் பொருள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில், 'இக்-ஸெ-ஸிவ்'.