பழைய இராணுவ ரிவால்வரில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டுமா?

சட்டகத்தில் (மற்ற உறுப்புகளைத் தாங்கும் உடற்பகுதி) ஓர் எண்ணும் சிலிண்டரில் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) வேறோர் எண்ணும் கொண்ட பழைய இராணுவ ரிவால்வரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எந்த நாட்டுப் படைக்காகச் செய்யப்பட்டது, எந்த ஆண்டுகளில் பணியில் இருந்தது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. எண்கள் ஒத்திருந்தால் அசல், இல்லையென்றால் கலப்படம் என்ற விதியை நானும் தொடக்கத்தில் அப்படியே நம்பியிருந்தேன். பல ஆண்டுகள் சேகரித்த பிறகு, அந்த விதியைவிட அந்தந்தப் படையின் பழுதுபார்ப்பு வரலாறே நம்பத்தக்க அளவுகோல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

உறுப்புகளில் எண் பொறிக்கும் வழக்கம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. 19ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் உறுப்புகளை ஏறத்தாழ ஒரே அளவில் வெட்டித் தந்தாலும், இறுதிப் பொருத்தம் தொழிலாளியின் அரத்தால்தான் நடந்தது. ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வோர் அறையும் சுழன்று வந்து குழலின் நேரே நிற்க வேண்டும். ஒரு துப்பாக்கிக்கென்று அராவிய சிலிண்டர் இன்னொன்றில் மயிரிழை விலகி நிற்கக்கூடும். எனவே ஒன்றாகப் பொருத்தப்பட்ட உறுப்புகள் தொழிற்சாலையிலும் படைமுகாமிலும் பிரிந்துவிடாமல் இருப்பதற்காக எண்கள் இடப்பட்டன. ஆனால் இராணுவத் துப்பாக்கி அரசின் உடைமை. பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதைக் கழற்றிப் புதுப்பித்தவர்கள், பிற்காலச் சேகரிப்பாளர் ஒருவர் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று எண்ணி வேலை செய்யவில்லை.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்ற, .45 அங்குல அளவுத் தோட்டா போடும் கோல்ட் நிறுவன ரிவால்வர். குதிரைப்படைக்காக ஏழரை அங்குலக் குழலோடு வந்த அதன் சட்டகம், விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்), கைப்பிடியின் பின்பட்டை ஆகியவற்றில் ஒரே எண் இருந்தது. 1892இல் இராணுவம் .38 அளவுள்ள புதிய ரிவால்வருக்கு மாறியதால் பழையவை கிடங்குக்குப் போயின. பின்னர், 1895 முதல் 1903 வரையிலான ஆண்டுகளில், அவற்றுள் பல வெளியே எடுக்கப்பட்டு, குழல் ஐந்தரை அங்குலமாகக் குறைக்கப்பட்டு மீண்டும் படைக்கு வழங்கப்பட்டன. பிலிப்பைன்ஸ் போரில் .38 தோட்டாவின் வலிமை போதவில்லை என்ற புகார் எழுந்ததும் இந்தப் பழைய .45களின் தேவை கூடியது. புதுப்பிக்கும்போது எண்களைப் பார்க்காமல் கைக்கு வந்த உறுப்புகளைக் கொண்டே பூட்டினார்கள். இன்று சேகரிப்பாளர்கள் "ஆர்ட்டிலரி" (பீரங்கிப்படை) என்று அழைக்கும் இந்த வகையில் எண்கள் கலந்திருப்பதே இயல்பு. ஆகவே ஐந்தரை அங்குலக் குழலும் முழுவதும் ஒத்த எண்களும் கொண்ட இராணுவ கோல்ட் ஒன்றைப் பார்த்தால் நான் மகிழ்வதற்கு முன், எண்கள் பின்னால் பதிக்கப்பட்டவையா என்று பார்க்க உருப்பெருக்கியைத்தான் எடுப்பேன்.

இதே துப்பாக்கியில் எதிர்த்திசையிலும் மோசடி நடக்கிறது. 1870களில் இராணுவத்துக்காகத் துப்பாக்கிகளைச் சோதித்து ஏற்ற ஆய்வாளர் ஆர்வில் ஏன்ஸ்வர்த்தின் முதலெழுத்துகள் மரக் கைப்பிடியில் பதிந்த தொடக்ககாலக் குதிரைப்படைத் துப்பாக்கிகளுக்கு மதிப்பு மிக அதிகம்; அமெரிக்கக் குதிரைப்படை பூர்வகுடியினரிடம் தோற்ற 1876ஆம் ஆண்டின் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையோடு தொடர்புபடுத்தக்கூடிய எண் என்றால் மதிப்பு இன்னும் ஏறும். அதனாலேயே கலப்பு எண் கொண்ட ஆர்ட்டிலரி ஒன்றுக்கு நீளக் குழல் பூட்டி, பழைய எண்களை அராவிவிட்டுப் புதிய எண்களும் போலி முத்திரையும் பதிக்கிறார்கள். ஒரு நேர்மையான வரலாற்றுப் பொருள் இப்படி அழிவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் கொதிக்கிறது.

மற்ற நாடுகளிலும் பழுதுபார்ப்பே பல துப்பாக்கிகளின் தோற்றத்தை முடிவு செய்திருக்கிறது. ரஷ்யாவின் ஏழு குண்டு நாகன் 1895, சோவியத் கிடங்குகளில் புதுப்பிக்கப்பட்டபோது மாற்று உறுப்புகளையும் புதிதாகப் பதித்த எண்களையும் பெற்றது. எனவே நாகனில் எண்கள் ஒத்திருப்பது மட்டும் எதையும் நிறுவாது. 1932இல் வந்த பிரிட்டனின் என்ஃபீல்டு .38 ரிவால்வர்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பழுதுபார்க்க வந்த வேளையில் கட்டைவிரலால் பின்னிழுக்கும் கொம்பு இல்லாத சுத்தியல் பொருத்தப்பட்டதால், முதல் வடிவிலேயே எஞ்சியவை அரிதாகிவிட்டன.

பிரெஞ்சு இராணுவத்தின் 1873 மாதிரியில் எண்களைவிட மேற்பரப்புதான் புதியவரை ஏமாற்றும். செயின்ட் எத்தியேன் தொழிற்சாலையில் உருவான இந்த 11 மில்லிமீட்டர் ரிவால்வர், சிப்பாய்களுக்கு நீலப்பூச்சு (துருவைத் தடுக்க உருக்கின்மேல் ஏற்றும் கருநீல மெருகு) இல்லாமல், வெறும் உருக்கின் வெண்ணிறத்திலேயே வழங்கப்பட்டது. பூச்சு உரிந்துவிட்டது என்று எண்ணி அதை ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள், கறுப்பேற்றிப் பாழாக்குபவர்களும் இருக்கிறார்கள். அதிகாரிகளுக்கான 1874 மாதிரியே நீலப்பூச்சோடும், வெளிப்புறத்தில் பள்ளங்கள் வெட்டிய சிலிண்டரோடும் வந்தது. ஜெர்மனியின் 1879, 1883 ரிவால்வர்களில் எண்களோடு படைப்பிரிவின் முத்திரையும் பதிந்திருக்கும். எந்த ரெஜிமெண்டின் எத்தனையாவது துப்பாக்கி என்பதுவரை அதில் படிக்க முடியும் என்பதால் எனக்கு அவற்றின்மேல் தனி ஈடுபாடு உண்டு.

ஒத்த எண்கள் என்னை ஏமாற்றியது 1915ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இராணுவ ரிவால்வரான வெப்லி ஆறாம் மார்க் ஒன்றில். சட்டகம், குழல், சிலிண்டர் மூன்றிலும் ஒரே எண், கண்ணாடி போன்ற கருமை. அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகே எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதையும், திருகாணித் துளைகளைச் சுற்றிலும் உருக்கு குழிந்திருப்பதையும் கண்டேன். மெருகுச் சக்கரத்தில் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கருமை ஏற்றியிருந்தார்கள். சிலிண்டரின் பின்முகமும் சீவப்பட்டிருந்தது. .455 தோட்டாவுக்குப் பதிலாக அமெரிக்காவில் எளிதில் கிடைத்த .45 தானியங்கித் தோட்டாவைப் போடுவதற்காகப் பல வெப்லிகளுக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். எண்கள் அத்தனையும் உண்மையானவை, ஆனால் துப்பாக்கி படையிலிருந்து வெளியேறிய நிலையில் இல்லை.

நீங்கள் பார்த்திருக்கும் துப்பாக்கியை மீண்டும் கையில் எடுக்கும்போது முதலில் அறைகள் காலியா என்று பாருங்கள். நூற்றாண்டுக்கு மேல் வெடிமருந்தோடு கிடந்தவையும் உண்டு. பிறகு எண்களின் மதிப்பை விட்டுவிட்டு அவற்றின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே அச்சால் பதித்த எண்களில் இலக்கங்களின் அளவும் வளைவும் ஒன்றாக இருக்கும். அராவிய இடம் சாய்ந்த ஒளியில் பள்ளமாகத் தெரியும். சிலிண்டரின் தேய்மானமும் சட்டகத்தின் தேய்மானமும் ஒரே வயதுடையனவாகத் தோன்றினால், எண் வேறாக இருந்தாலும் அவை நெடுங்காலம் சேர்ந்தே இருந்திருக்கலாம். சட்டத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதைப் பழம்பொருளாகக் கொள்கிறது, மற்ற நாடுகளின் வரையறைகள் வேறு. மாதிரியின் பெயர், குழலின் நீளம், ஒவ்வோர் உறுப்பிலும் உள்ள முத்திரைகள் ஆகியவற்றைக் கேள்வியில் சேர்த்தால், அந்த எண் வேறுபாடு படைக் கிடங்கில் நேர்ந்ததா, பின்னால் வந்த ஒருவரின் வேலையா என்று என்னால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.