வாசகர் கேள்வி: கொல்லையில் பாம்பு

கேள்வி: எங்கள் வீட்டுக் கொல்லையில், விறகு அடுக்கியிருக்கும் மூலையில், ஒரே மாதத்தில் இரண்டு முறை பாம்பைப் பார்த்துவிட்டோம். வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். அடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். பூண்டும் ஃபினாயிலும் தெளித்தால் போதும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். எது சரி?

பதில்: குழந்தைகள் விளையாடும் இடத்தில் பாம்பு நடமாடினால் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனாலும் அடிக்கும் எண்ணத்தைக் கைவிடும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மிதிபட்டாலோ, கை பட்டாலோ, தப்ப வழியின்றி மடக்கப்பட்டாலோதான் பாம்பு பெரும்பாலும் கடிக்கிறது. கம்புடன் நெருங்குகிறவர் அந்த ஆபத்தைத் தாமே தேடிப் போகிறார். தலை துண்டான பிறகும் சிறிது நேரம் அந்தத் தலை அனிச்சையாகக் கடிக்கக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இனிப் பார்த்தால், குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, நல்ல தூரம் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று கவனியுங்கள். வழி விட்டால் பெரும்பாலும் தானே போய்விடும். வீட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ, ஒரே இடத்தில் பதுங்கிக்கொண்டாலோ, பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரை அழையுங்கள்; அவர் வரும்வரை யாரேனும் ஒருவர் தூரத்திலிருந்து அதைப் பார்த்தபடி இருப்பது நல்லது, ஏனெனில் கண்ணிலிருந்து மறைந்த பாம்பைத் தேடுவது அவருக்கும் கடினம். சாரையை நல்ல பாம்பென்று அடிப்பவர்களும் உண்டு, கட்டுவிரியனை நஞ்சில்லாத வரிப்பாம்பென்று அலட்சியமாக விடுபவர்களும் உண்டு என்பதால், எந்த வகை என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.

பூண்டு, ஃபினாயில், அந்துருண்டை ஆகியவற்றை நம்பிப் பயனில்லை. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் அந்துருண்டையே நஞ்சாகிவிடும்.

பாம்பு உங்கள் கொல்லைக்கு வருவது பெரும்பாலும் இரைக்காகவும் மறைவிடத்துக்காகவும்தான். உங்கள் விறகடுக்கில் இரண்டும் இருக்கக்கூடும். பகல் வெளிச்சத்தில், கெட்டியான காலணி அணிந்து, நீண்ட கம்பால் அடிவரிசைக் கட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடுக்கில் எலிப்புழுக்கையும் கடித்துக் குதறிய சருகும் தென்பட்டால், முதலில் ஒழிக்க வேண்டியது எலியைத்தான். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரைத் தொடாதபடி அடுக்குங்கள். எலிவளைகளை, உள்ளே எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, மண்ணும் கல்லும் இட்டு மூடுங்கள். இறைந்த தானியமும் பிராணிகளின் மிச்ச உணவும் இரவில் வெளியே கிடக்கக் கூடாது. குட்டிப் பாம்புக்கு விரல் நுழையும் இடைவெளியே போதும். ஆகவே கதவின் அடிப்பகுதியில் ரப்பர் பட்டையும், கழிவுநீர்க் குழாய் வாயில் கம்பி வலையும் பொருத்துங்கள்.

கேள்வி: கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டலாமா?

பதில்: கூடாது. கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையோ காலோ அசையாதபடி சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல், நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். இமைகள் தொங்குவதும் மூச்சுத் திணறுவதும் சில மணி நேரம் கழித்தே தொடங்கக்கூடும் என்பதால், வலி இல்லையே என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது.