டோடோ யாருக்குப் பங்காளி?

அன்புள்ள அம்மா,

வணக்கம். மொரீசியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். கணக்கர் வேலை, அறிவியல் படித்தவன் இல்லை. உங்கள் தளத்தைத் தவறாமல் வாசிப்பவன்.

மகளுக்குப் பள்ளியில் உயிர்களின் வகைப்பாடு நடக்கிறது. போர்ட் லூயி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நம் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. திரும்பி வந்ததும் “டோடோ ஒரு புறாப்பா” என்றாள். என் அம்மா சிரித்துவிட்டார். பத்துக் கிலோவுக்கு மேல் எடை, பறக்கத் தெரியாது, கொக்கி மாதிரி அலகு. இதைப் புறா என்று யார் முடிவு செய்தார்கள்? தேடிப் படித்தேன். உயிர்களுக்குப் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயஸ் அதை நெருப்புக்கோழியோடு சேர்த்தாராம். பிறகு கழுகு என்றார்களாம். இப்போது புறா. நாளைக்கு வாத்து என்பார்களா? இப்படி மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள் சொல்லும் பரிணாமத்தை எதை வைத்து நம்புவது?

எங்கள் கோயிலில் பேசிய ஒருவர், ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியர் அன்றே பரிணாமத்தைச் சொல்லிவிட்டார், அதை யாரும் திருத்த வேண்டி வரவில்லை என்றார். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் கிரான் பசான் ஏரிக் கோயில் குரங்குகள் இன்னும் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு திரிவது ஏன் என்றும் கேட்டார். எல்லோரும் கைதட்டினோம்.

டோடோவைத் திரும்ப உருவாக்கப் போகிறார்கள் என்று செய்தி வருகிறது. அப்படி வருவது டோடோதானா?

அன்புடன்,
ச., ரோஸ் ஹில்

---

அன்புள்ள ச.,

உங்கள் அம்மாவுக்கு நல்ல துணை இருக்கிறது. 1842 வாக்கில் கோபன்ஹேகனில் ரைன்ஹார்ட் என்ற இளம் விலங்கியலாளர், அங்கிருந்த பழைய டோடோ மண்டையோடு ஒன்றைப் பார்த்துவிட்டு ‘இது புறா’ என்றபோது விவரம் தெரிந்த பெரியவர்களே சிரித்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1848இல், ஸ்ட்ரிக்லண்ட், மெல்வில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் மிஞ்சியிருந்த ஒரு தலையையும் ஒரு காலையும் அக்கு அக்காக ஆராய்ந்து எழுதிய பிறகுதான் சிரிப்பு அடங்கியது.

அவர்கள் என்ன பார்த்தார்கள்? ஒரு மாடப்புறாவைக் கையில் பிடித்து அலகைக் கவனியுங்கள். நுனி மட்டும்தான் கெட்டி. அடிப்பாகம் ஒடுங்கி, மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். மூக்குத் துளைகள் மேலே இல்லாமல் கீழ் விளிம்பை ஒட்டி, முன்பக்கம் தள்ளி இருக்கும். டோடோவின் அலகும் இதே கட்டுமானம், அளவுதான் பெரிது. கழுகு என்று சொன்னவர்கள் வளைந்த நுனியையும் முடியில்லாத முகத்தையும் பார்த்தார்கள். நெருப்புக்கோழி என்றவர்கள் பறக்காத பருத்த உடம்பைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தது சாயலை. ஸ்ட்ரிக்லண்டும் மெல்வில்லும் பார்த்தது கட்டுமானத்தை.

பிறகு 2002இல் பெத் ஷாப்பிரோவும் கூட்டாளிகளும் அதே ஆக்ஸ்ஃபோர்டு டோடோவிலிருந்து கொஞ்சம் டி.என்.ஏ. எடுத்தார்கள். அதையும் பல புறா இனங்களின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். டோடோவுக்கு மிக நெருங்கிய சொந்தம் ரோட்ரிக்ஸ் தீவில் வாழ்ந்து அழிந்த சொலிட்டேர் பறவை. இன்று உயிரோடு இருப்பவற்றில் நெருங்கியது நிக்கோபார் புறா. நம் முன்னோர் கப்பலேறிய வங்கக் கடலின் மறுகரையில், நிக்கோபாரிலிருந்து சாலமன் தீவுகள் வரை சின்னச் சின்னத் தீவுகளில் கூட்டமாகப் பறந்து திரியும் பறவை. மேனி பச்சையும் செம்புமாக மின்னும், வால் வெள்ளை, கழுத்தில் நீண்ட இறகுகள் சடை போல் தொங்கும். தரையில் விதை பொறுக்கித் தின்னும். கடினமான விதைகளை அரைக்க இரைப்பையில் கல் வைத்திருக்கும். டோடோவின் வயிற்றிலும் கல் இருந்ததை அந்தக் கால மாலுமிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே என்கிறீர்கள்.

நம் ஊரில் வீராசாமி என்ற குடும்பப் பெயரோடு எத்தனை பேர் இருக்கிறார்கள்! கப்பலிலிருந்து இறங்கியவரின் சொந்தப் பெயரை எழுத்தர் குறித்துக்கொண்டார். அதுவே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. கூடப்பிறந்த அண்ணன் முனுசாமி, தம்பி வீராசாமி என்று இறங்கியிருந்தால் இன்று அவர்கள் வம்சம் இரண்டு வேறு பெயர்களில் இருக்கும். ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு வீராசாமிகளின் வம்சம் ஒரே பெயரில் இருக்கும். பெயரை வைத்துப் பங்காளி என்று சொந்தம் கொண்டாடியவர், மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கும் பழைய குடியேற்றப் பதிவேட்டைப் புரட்டுகிறார். தகப்பன் பெயர் வேறு, ஊர் வேறு, கப்பல் வேறு என்று தெரியவருகிறது. இனி அவர் பேச்சை மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் பங்காளி உறவு என்பதே கட்டுக்கதை என்று சொல்வீர்களா? மெய்யான கொடிவழி ஒன்று இருப்பதால்தான் நம் கணிப்பு தப்பாகப் போக முடிகிறது, திருத்தவும் முடிகிறது. லின்னேயஸ் டோடோவுக்குப் பெயர் வைத்தது 1758இல். டார்வினின் நூல் வந்தது 1859இல். லின்னேயஸ் உயிர்களை அடுக்கியது சாயலை வைத்து. டார்வினுக்குப் பிறகு கேள்வியே மாறிவிட்டது: இது எதைப் போல் இருக்கிறது என்பதல்ல, யார் வழியில் வந்தது என்பது. கணக்கை மாற்றியவர்களைப் பார்த்துச் சந்தேகப்படுகிறீர்கள். கணக்கரான நீங்களே தப்பு விழுந்த கணக்கைத் திருத்தாமல் விடுகிறவரை வேலையில் வைத்துக்கொள்வீர்களா என்ன?

சாயல் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி உண்டு. தாங்! உங்கள் வீட்டில் தாங் கறி வைப்பார்களா தெரியாது, எங்கள் பக்கம் வைப்பார்கள். முள்ளும் மயிருமாக இருக்கும் தோலைப் பொசுக்கிச் சுரண்டி, வாடை போக மசாலாவைத் தூக்கலாகப் போட வேண்டும். மடகாஸ்கரிலிருந்து கொண்டுவந்து விட்ட பிராணி அது. கூரிய மூக்கு, குட்டைக் கால், முதுகில் முள், இரவில் புழு பூச்சி தேடுவது, குளிர்காலத்தில் வளைக்குள் தூங்குவது. தமிழ்நாட்டுக் கரிசல் காட்டு முள்ளெலியைப் பார்த்தவர்கள் இரண்டும் ஒரே சாதி என்று சத்தியம் செய்வார்கள். விலங்கியலாளர்களும் நெடுங்காலம் அப்படித்தான் ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். 1990களில் டி.என்.ஏ. வந்து அதைக் கலைத்துப்போட்டது. தாங்கின் சொந்தக்காரர்கள் யானை, கடற்பசு, ஆப்பிரிக்காவின் எறும்பு தின்னும் ஆர்ட்வார்க் ஆகியவை. இந்தக் கூட்டத்துக்கு 1998இல் ஆஃப்ரோதீரியா என்று பெயர் வைத்தார்கள். முள்ளெலியோ, பசுவும் குதிரையும் வௌவாலும் இருக்கும் கிளையில் நிற்கிறது. அதாவது சட்டியில் கொதிப்பது யானையின் தூரத்துச் சொந்தம். மடகாஸ்கரில் முள்ளும் நீண்ட மூக்கும் தனியாகத் தோன்றின, மற்ற இடத்தில் தனியாகத் தோன்றின. ஒரே மாதிரிப் பிழைப்பு ஒரே மாதிரி உடம்பைச் செதுக்கிவிடும்.

டி.என்.ஏ.விலும் அப்படி ஏமாற முடியாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பிழைப்புக்கு உதவும் முள், மூக்கு போன்றவை இரண்டு இடத்தில் தோன்றக் காரணம் இருக்கிறது. ஆனால் பிழைப்புக்கு நல்லதும் கெட்டதும் செய்யாத ஆயிரக்கணக்கான சிறு மாற்றங்கள் டி.என்.ஏ.வில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவை தாங்கிலும் யானையிலும் ஒரே இடத்தில் ஒரே விதமாக இருந்தால், ஒரு பொதுப் பாட்டியிடமிருந்து வந்தன என்பதைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம்.

பக்கத்துத் தீவிலும் ஒரு கூத்து. ரியூனியனில் வெள்ளை டோடோ ஒன்று வாழ்ந்ததாகச் சொல்லி, 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களையும் பயணிகளின் குறிப்புகளையும் சேர்த்துப் பிசைந்து புத்தகங்களில் எல்லாம் ஏற்றியிருந்தார்கள். அந்தத் தீவில் எவ்வளவு தோண்டியும் டோடோ எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது அரிவாள் மூக்கனின் எலும்பு. பயணிகள் பார்த்தது அந்தப் பறவையைத்தான் என்று 1990களில் முடிவானது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் வெள்ளை அரிவாள் மூக்கனும் அதே பேரினம். வெள்ளை டோடோ என்ற பறவையே இல்லாமல் போயிற்று. இதையும் ‘மாற்றிவிட்டார்கள்’ பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

புறா எப்படி டோடோ ஆனது என்று மகள் கேட்பாள். பறக்காமலே இருந்ததால் சிறகு தேய்ந்துவிட்டது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள், பாதிப் பாடநூல்கள் அப்படித்தான் கெடுக்கின்றன. மொரீசியஸில் வௌவாலைத் தவிரப் பூர்வீகமான பாலூட்டி எதுவும் கிடையாது. தரையில் துரத்த ஆளில்லை. பறக்கும் நெஞ்சுத் தசையை வளர்க்கவும் காப்பாற்றவும் நிறையத் தீனி வேண்டும். பிறக்கும்போதே கொஞ்சம் சின்னச் சிறகோடும் கொஞ்சம் பெரிய உடம்போடும் பிறந்த குஞ்சுக்கு வேறு தீவில் நஷ்டம், இங்கே லாபம். அது அதிகம் குஞ்சு பொரித்தது. தலைமுறை தலைமுறையாக அந்த வம்சம் பெருகியது, அவ்வளவுதான். போர்ட் லூயியில் இருக்கும் எலும்புக்கூட்டில் நெஞ்செலும்பை மட்டும் உற்றுப் பாருங்கள். புறாவுக்குக் கத்தி விளிம்பாய்த் துருத்தி நிற்கும் இடத்தில் டோடோவுக்குச் சின்னதாக ஒரு மேடுதான். தசை பிடிக்கும் இடமே சுருங்கிவிட்டது. அந்த எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தவர் பேராசிரியர் இல்லை, தீரியூ என்ற போர்ட் லூயி நாவிதர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெ பூஸ் மலைப் பக்கம் அலைந்து எடுத்தார். மற்ற அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியவை. இது ஒரே பறவையுடையது.

இன்னொன்று. 2002 ஆய்வின் கணக்குப்படி டோடோவும் சொலிட்டேரும் பிரிந்து 2.5 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. மொரீசியஸ் கடலுக்கு மேலே வந்து சுமார் 80 லட்சம் ஆண்டுதான். அப்படியானால் வீடு எழும்பும் முன்பே பங்காளிகள் பிரிந்துவிட்டார்கள். இன்று கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய எரிமலைத் தீவுகளில் இருந்து தாவித் தாவி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். காலக் கணக்கில் இன்னும் இழுபறி உண்டு, உறவில் இல்லை. நம் காட்டில் இன்றைக்கும் இருக்கும் இளஞ்சிவப்புப் புறா டோடோவுக்குப் பக்கத்து உறவு அல்ல என்பது தெரியுமா? அதன் சொந்தம் மடகாஸ்கர் புறா. ஒன்றின் வழி கிழக்கே போகிறது, மற்றதன் வழி மேற்கே.

தொல்காப்பியர் விஷயம். தொல்காப்பியத்தின் ‘மரபியல்’ என்ற பகுதியில் அவர் புல்லையும் மரத்தையும் ஓரறிவு என்று தொடங்கி, நத்தை, சிப்பி, கறையான், எறும்பு, நண்டு, தும்பி, விலங்கு, மனிதர் என்று புலன்களைக் கொண்டு அடுக்குகிறார். எறும்பையும் கறையானையும் சேர்த்து வைத்த அந்தக் கண் கூர்மையான கண். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அது படிக்கட்டு. கீழே புல், மேலே நாம். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை, சொல்ல வந்ததும் அதுவல்ல. பரிணாமத்தில் படிக்கட்டே கிடையாது, கிளைகள்தான். இன்று உயிரோடு இருக்கும் எல்லாமே கிளைகளின் நுனி. முதலைக்குப் பல்லியைவிடப் புறா நெருங்கிய சொந்தம் என்பதை எந்தப் படிக்கட்டில் ஏற்றுவது? அவர் செய்த நல்ல வேலைக்கு மதிப்புக் கொடுங்கள், டார்வின் வேடம் போட வேண்டாம்.

கிரான் பசான் குரங்கு நமக்குப் பாட்டனார் இல்லை. 2.5 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் இன்னொரு பிள்ளை வழி. உங்கள் சித்தப்பா பேரன் ஏன் இன்னும் நீங்களாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லையே.

கடைசியாக, திரும்ப வரும் டோடோ. 2023இல் ஓர் அமெரிக்க நிறுவனம் இதை அறிவித்தது. 2002 ஆய்வை நடத்திய ஷாப்பிரோவும் அதில் இருக்கிறார். அவர்கள் தொடங்குவது நிக்கோபார் புறாவிலிருந்து. அதன் உயிரணுக்களில் டி.என்.ஏ.வைத் திருத்தித் திருத்தி டோடோவின் பக்கம் கொண்டுபோவது திட்டம். வருவது பருத்த உடம்போடு, கொக்கி அலகோடு, பறக்காமல் நடக்கலாம். பார்க்கிற எல்லோரும் டோடோ என்பார்கள், சுற்றுலாத் துறை முதல் ஆளாகச் சொல்லும். ஆனால் அதன் தாயும் தகப்பனும் எந்த வழி என்று பதிவேட்டில் தேடினால் நிக்கோபார் என்றுதான் இருக்கும். நான் அதை நிக்கோபார் புறாவின் பக்கத்தில்தான் எழுதுவேன். மகள் வேறு மாதிரி நினைத்தால் காரணத்தோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா