பாலிபியஸ் ரோமிடம் விலைபோனவரா?

கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கிரேக்கராக இருந்துகொண்டே ரோமின் வெற்றிகளைப் புகழ்ந்து நாற்பது புத்தகம் எழுதியவர், ரோமின் விரிவாக்கம் பற்றி அவர் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ரோமை எதிர்த்த வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கதைக்காகத்தான் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். படித்து முடித்தபோது ஹன்னிபாலைவிட அதை எழுதிய மனிதர்தான் மனதில் நின்றார். விலைபோனவர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது என்பது என் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அவர் ரோமுக்கு விரும்பிப் போகவில்லை, பிடித்துக்கொண்டு போனார்கள். சொந்த ஊர் தெற்கு கிரேக்கத்தில் மெகலோபோலிஸ். அப்பா லைகோர்டாஸ், அகாயா கூட்டமைப்பு என்று பல கிரேக்க நகரங்கள் சேர்ந்து வைத்திருந்த அரசின் தலைவர்களில் ஒருவர். பாலிபியஸும் முப்பது வயது வாக்கில் அதன் குதிரைப்படைக்குத் தலைவரானார். அப்போது ரோமுக்கும் மாசிடோனிய மன்னன் பெர்சியஸுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. கி.மு. 168-ல் பிட்னாவில் பெர்சியஸ் தோற்றான். மறு வருடம் அகாயாவிலிருந்து ஆயிரம் முக்கியஸ்தர்களை ரோம் இத்தாலிக்குக் கொண்டுபோனது. இவர்கள் ரோமை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள்கூட இல்லை, மனதார ஆதரிக்கவில்லை என்ற சந்தேகம்தான். விசாரிக்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப்போனார்கள், விசாரணை நடக்கவே இல்லை. பதினேழு வருடம் கழித்து கி.மு. 150-ல் ஊருக்குப் போகலாம் என்று விட்டபோது முந்நூறு பேருக்கு மேல் மிஞ்சவில்லை. அவர்களை விடலாமா என்று ரோமின் ஆட்சி மன்றமான செனட் நீண்ட நேரம் விவாதித்ததைப் பார்த்த மூத்த ரோமானியத் தலைவர் கேட்டோ, சில கிழட்டு கிரேக்கர்களை இங்கே புதைப்பதா அங்கே புதைப்பதா என்பதற்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோமே என்றாராம், பின்னால் வந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அந்த ஆயிரத்தில் ஒருவர் எழுதிய வரலாறு இது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

மற்றவர்களைச் சின்னச் சின்ன ஊர்களில் வைத்தார்கள், இவர் மட்டும் ரோமிலேயே இருந்தார். காரணம் பிட்னாவில் வென்ற தளபதி எமிலியஸ் பவுலஸின் வீடு. புத்தகம் இரவல் வாங்கிப் பேசியதில் தொடங்கிய பழக்கம். அந்த வீட்டின் இளைய பையன், பதினெட்டு வயது, ஒருநாள் தனியாக இருக்கும்போது முகம் சிவந்து இவரிடம் கேட்கிறான்: சாப்பாட்டு மேசையில் எப்போதும் அண்ணனிடமே பேசுகிறீர்கள், என்னைக் கண்டுகொள்வதே இல்லை, ஊரார் மாதிரி நீங்களும் என்னை மந்தமானவன் என்று நினைக்கிறீர்களா? அந்தப் பையன்தான் பின்னால் கார்த்தேஜை அழித்த ஸ்கிப்பியோ எமிலியானஸ். அன்று முதல் இருவரும் அப்பா பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்கள் என்று பாலிபியஸே எழுதுகிறார். தன் நாட்டை அடக்கியவர்களின் வீட்டுப் பிள்ளைக்கு ஆசானாக இருப்பதில் எவ்வளவு வலி, எவ்வளவு பாசம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அவர் புத்தகம் தொடங்குவதே ஒரு கேள்வியில்தான்: ஐம்பத்து மூன்று வருடத்துக்குள் மக்கள் வாழும் உலகம் கிட்டத்தட்ட முழுவதும் ரோம் என்ற ஒரே ஊரின் கைக்குள் போனது எப்படி, எந்த மாதிரி அரசமைப்பால் அது முடிந்தது? கி.மு. 220 முதல் 167 வரை என்பது அவர் கணக்கு. 167 அவரையே பிடித்துக்கொண்டு போன வருடம்! தோற்றவன் கேட்கும் கேள்வி இது என்று எனக்குப் படுகிறது. பதிலாக அவர் சொல்வதில் புகழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. கான்சல் என்ற ஆண்டுத் தலைவர்கள், செனட், மக்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்தும் அரசமைப்பு, படை முகாமின் ஒழுங்கு, பெரிய மனிதர் இறந்தால் முன்னோர்களின் முகமூடிகளை அணிந்து ஊர்வலம் போவதும் அதைப் பார்க்கும் இளைஞர்களின் மனதில் அது என்ன செய்கிறது என்பதும் எல்லாம் விரிவாக வருகிறது. கி.மு. 216-ல் கன்னேயில் ஹன்னிபாலிடம் ரோமின் படை அழிந்த பிறகும், பிடிபட்ட எட்டாயிரம் பேரைப் பணம் கொடுத்து மீட்க செனட் மறுத்ததை அவர் சொல்லும் இடம் உடம்பைச் சிலிர்க்க வைக்கும். இவ்வளவும் ரோம் ஏன் வென்றது என்பதற்கான விளக்கம்தான். ரோம் செய்ததெல்லாம் நியாயம் என்று இதில் எங்கும் இல்லை.

நியாயம் பற்றி அவர் தனியாகப் பேசுகிறார், அதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் கார்த்தேஜ் போர் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். சிசிலித் தீவின் மெசானா நகரத்தைத் திருட்டுத்தனமாகப் பிடித்த கூலிப்படைக்காரர்கள் ரோமிடம் உதவி கேட்கிறார்கள். அதே குற்றத்தை எதிர்க்கரையில் இத்தாலியின் ரேஜியம் நகரத்தில் செய்த தன் படைவீரர்கள் முந்நூறு பேருக்கு மேல் ரோம் சற்று முன்புதான் தன் நகரச் சதுக்கத்தில் வைத்துத் தலையை வெட்டியிருந்தது. இப்போது உதவினால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று செனட் தயங்கியது, கொள்ளை கிடைக்கும் என்ற ஆசையில் மக்கள் சரி என்றார்கள். இதை மறைக்காமல் எழுதுகிறார். அப்புறம் கி.மு. 238 வாக்கில், கார்த்தேஜ் தன் கூலிப்படையின் கலகத்தால் நொந்து கிடந்தபோது போர் என்று மிரட்டி சார்டினியா தீவையும் 1,200 தாலந்து (வெள்ளியை நிறுக்கும் பெரிய அளவு) பணத்தையும் ரோம் பறித்ததே, அதற்கு எந்த நியாயமும் கண்டுபிடிக்க முடியாது என்று நேராகவே சொல்கிறார். அதோடு நிற்காமல், ஹன்னிபால் போருக்குப் பெரிய காரணமே அந்த அநியாயம்தான் என்கிறார்.

கி.மு. 156-ல் அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் டல்மேஷியா மீது ரோம் போர் தொடுத்ததற்கு வெளியே சொன்ன காரணம், தூதர்களை அவமதித்தார்கள் என்பது. உண்மையான காரணமாக பாலிபியஸ் சொல்வது வேறு: பெர்சியஸோடு நடந்த போர் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது, நீண்ட அமைதியில் இத்தாலிக்காரர்களின் வீரம் மங்கிவிடுமோ என்று செனட் பயந்தது. எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தின் இரண்டு சகோதரர்கள் சண்டை போட்டபோது ரோம் நடுவில் புகுந்ததைச் சொல்லிவிட்டு, அடுத்தவர் தவறைப் பயன்படுத்தித் தன் பலத்தைக் கூட்டிக்கொண்டு, உபகாரம் செய்த பெயரையும் வாங்கிக்கொள்வது இவர்கள் வழக்கம் என்கிறார். விலைபோனவர் எழுதும் வரிகளா இவை?

இன்னொன்று, அவர் 167-ல் முடிக்க நினைத்த புத்தகத்தை 146 வரை நீட்டினார். காரணத்தையும் சொல்கிறார்: வெற்றியை மட்டும் வைத்து யாரையும் எடைபோடக் கூடாது, வென்ற பிறகு எப்படி ஆண்டார்கள் என்று பார்த்தால்தான் ரோமின் ஆட்சி ஏற்கத் தக்கதா, பின்னால் வருபவர்கள் அதைப் புகழ்வதா பழிப்பதா என்று தெரியும். ஆனால் தீர்ப்பை அவர் எழுதவே இல்லை. மூன்றாம் கார்த்தேஜ் போரில் ரோம் முதலில் முந்நூறு பிணையாளிகளைக் கேட்டது, கொடுத்தார்கள். ஆயுதம் கேட்டது, இரண்டு லட்சம் பேருக்கான கவசங்களும் இரண்டாயிரம் கல்லெறி பொறிகளும் கொடுத்தார்கள். பிறகுதான் நகரத்தையே விட்டுக் கடலிலிருந்து தள்ளி உள்நாட்டுக்குப் போங்கள் என்றது. இதைப் பற்றிக் கிரேக்கர்கள் பேசிய நான்கு கருத்துகளை பாலிபியஸ் வரிசையாகத் தருகிறார். எதிரியை ஒழித்தது புத்திசாலித்தனம் என்பது ஒன்று, ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் கெட்ட அதே அதிகார வெறிக்கு ரோமும் போய்விட்டது என்பது இரண்டு, இது ஏமாற்று, துரோகம் என்பது மூன்று, சரணடைந்தவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டியதுதானே, இதில் அநியாயம் இல்லை என்பது நான்கு. தான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அந்த நகரம் எரிந்தபோது பக்கத்தில் நின்றவர் அவர். ஸ்கிப்பியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் ஊருக்கும் ஒருநாள் இப்படி ஒருவர் கட்டளை போடுவார் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னதையும் அவர்தான் பதிந்து வைத்திருக்கிறார்.

அதே வருடம், கி.மு. 146-ல், ரோமோடு போருக்குப் போன அகாயா கூட்டமைப்பின் கொரிந்து நகரமும் ரோமானியர் கையால் அழிந்தது. தரையில் எறிந்த ஓவியங்களின் மேல் ரோமானியப் படைவீரர்கள் தாயம் உருட்டியதைப் பார்த்ததாக எழுதினார். ஆனால் அந்தப் போருக்கு அவர் அதிகம் திட்டுவது அகாயாவின் தலைவர்களைத்தான், அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை, ரோம் கூட்டமைப்பை உடைக்கப் பார்த்த பிறகு வேறு என்ன செய்வார்கள்? ஸ்கிப்பியோ குடும்பம் என்றாலும் அவருக்கு மனம் இளகிவிடும், அகாயாவுக்குப் போட்டியான கிரேக்கர்கள் ஏட்டோலியர் என்றால் வெறுப்பு. இதெல்லாம் உண்மை. சீக்கிரம் அழிந்ததால்தான் பிழைத்தோம் என்று அப்போது கிரேக்கத்தில் எல்லார் வாயிலும் இருந்த ஒரு பேச்சையும் பதிவு செய்கிறார். அழிந்தவர்களோடு சேர்ந்து சொல்வது மாதிரிதான் அது எனக்குக் கேட்கிறது.

போர் முடிந்ததும் தோற்ற அகாயத் தலைவன் டையேயஸின் சொத்தில் வேண்டியதை எடுத்துக்கொள் என்று ரோமானியர்கள் சொன்னபோது ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் புதிய சட்டங்களை மக்களுக்கு விளக்கி வழக்குகளைத் தீர்த்து வைத்தார்.

நாற்பதில் முதல் ஐந்து புத்தகங்கள்தான் முழுதாகக் கிடைத்திருக்கின்றன, மற்றவை துண்டு துண்டாக. நீங்கள் படிப்பதென்றால் மூன்றாவதில் தொடங்குங்கள், ஹன்னிபாலும் இருப்பார், ஏன் நீட்டி எழுதினேன் என்று பாலிபியஸ் சொல்லும் பக்கமும் அதில்தான் இருக்கிறது.