மதுரையில் வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தண்ணீர்த் தட்டும் தீனிப் பெட்டியும் வைக்க எதை வாங்கலாம்? எப்படிப் பராமரிப்பது?

தண்ணீரை முதலில் சொல்லிவிடுகிறேன், தீனி பிறகு. இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால், நம்மூர் வெயிலுக்குத் தண்ணீர் மட்டும் போதும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சித்திரை வெயிலில் மைனாவும் காகமும் அலகைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சிலும் உடம்பில் உள்ள நீர் கொஞ்சம் போகிறது. பூச்சி தின்னும் பறவைக்கு இரையிலேயே ஓரளவு ஈரம் கிடைத்துவிடும். காய்ந்த தானியம் கொத்தும் சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் அந்த வசதி இல்லை. மே மாதத்தில் கம்பை மட்டும் இறைத்துவிட்டுத் தண்ணீர் வைக்காமல் இருப்பது, விருந்தாளிக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டுச் சொம்பை ஒளித்து வைப்பது மாதிரி.

எதை வாங்குவது? ஆன்லைனில் தூண் வைத்த பேர்ட் பாத் எல்லாம் கிடைக்கிறது, பார்க்க அழகுதான். அதில் பாதி பளபளவென்று மெருகேற்றிய பீங்கான். உள்பக்கம் வழுக்கும், பறவைக்குக் கால் பிடிக்காது. பிளாஸ்டிக்கும் அப்படியே. எவர்சில்வர் பேசினை வெயிலில் வைத்தால் மதியம் உங்கள் விரலையே உள்ளே விட முடியாது. என் சிபாரிசு, பெரிய பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு. ஒன்றரை அடி அகலம் இருந்தால் நல்லது. பெயின்ட் அடிக்காத சுட்ட மண்ணில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பதும் குளுமையாக இருக்கும். திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மானாமதுரைப் பக்கம் போனால் சட்டி பானைக்குப் பஞ்சமே இல்லை.

அகலத்தைவிட ஆழம் முக்கியம். ஓரத்தில் இரண்டு செ.மீ., நடுவில் அதிகபட்சம் ஐந்து செ.மீ. அதற்கு மேல் போனால் சிட்டுக்குருவியும் தேன்சிட்டும் இறங்காது, அணில் குட்டி விழுந்தால் ஏறவும் முடியாது. ஆழமான சட்டிதான் இருக்கிறது என்றால், சொரசொரப்பான கல் ஒன்றை நடுவில் போட்டு, அதன் தலை வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வைக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், நேர் வெயிலில் வைத்துவிட்டு 'ஒரு குருவிகூட வரவில்லை' என்பார்கள். அந்தத் தண்ணீர் பதினோரு மணிக்கே சுட்டுவிடும். மாடிதான் என்றால் படிக்கட்டு அறையின் நிழல் விழும் பக்கமாக வையுங்கள். கொல்லையில் கொய்யாவோ கருவேப்பிலையோ இருந்தால், அதன் நிழல் எட்டுகிற இடமாகவும் புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளியும் இருக்கட்டும். நனைந்த பறவைக்குச் சட்டென்று பறக்க முடியாது. தப்பி ஏறிக்கொள்ள பக்கத்தில் கிளை வேண்டும். ஆனால் பூனை பதுங்கும் அளவுக்குப் புதர் ஒட்டி இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் பூனை அதிகம், அதனால் பழைய சிமென்ட் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்திருக்கிறேன்.

வைத்த அன்றே எதுவும் வராது. காகம் முதலில் கண்டுபிடிக்கும். எங்கிருந்தோ எலும்பையும் காய்ந்த ரொட்டியையும் கொண்டுவந்து நம் தட்டில் ஊறப்போடும், காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கழுவ வேண்டும். அப்புறம் மைனா, கொண்டைக்குருவி. தவிட்டுக்குருவிகள் ஒரு பட்டாளமாக வரும். ஒன்று மேலே காவல் இருக்க, மற்றவை தள்ளுமுள்ளு செய்து குளித்து, பாதித் தண்ணீரை வெளியே அடித்துவிடும். இந்தக் கூத்துக்காகவே தட்டு வைக்கலாம்.

பராமரிப்பு என்றால் தினமும் ஒரு வேலை, வாரம் ஒரு வேலை. தினமும் காலையில் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். மேலாக நிரப்புவது கணக்கில் வராது. வாரம் ஒரு முறையாவது தேங்காய் நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். காரணம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். தட்டு காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தினம் கொட்டி, வாரம் தேய்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மாநகராட்சிப் பணியாளர்கள் கொசுப்புழு பார்க்க வந்தால் மருந்து ஊற்றும் வரை காத்திருக்க வேண்டாம், அவர்கள் எதிரிலேயே கொட்டிக் கவிழ்த்துக் காட்டுங்கள்.

சோப்புத் தூள் வேண்டாம். மண் பாத்திரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்தால் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவையுங்கள். இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது சுலபம்.

இனி தீனி. பொரித்த தின்பண்டம், மிக்சர், உப்புப் போட்ட எதுவும் கூடாது. சோறு வைத்தால் ஒரு மணி நேரத்தில் தின்று தீர்கிற அளவுதான். நம்மூர் சூட்டில் மதியத்துக்குள் புளித்துவிடும். கம்பு, தினை, அரிசிக் குருணை போதுமானவை. கீழமாசி வீதியில் மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கு விற்பதையே வாங்குங்கள். விதைக் கடையில் சாயம் ஏறிய விதை மருந்து கலந்தது, அதைத் தொடவே வேண்டாம். நெல் அறுப்புக் காலத்தில் ஒரு பிடி கதிர் கிடைத்தால் தாழ்வாரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். நம் தாத்தாக்கள் செய்ததுதான். புறா அதில் தொங்கிக்கொண்டு தின்ன முடியாது, சிட்டு தின்னும். எந்தக் கடை ஃபீடரும் இந்த வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்து நான் பார்க்கவில்லை.

ஃபீடர்தான் வேண்டும் என்றால் சிறு துளையும் சின்னக் குச்சியும் உள்ளதாகப் பாருங்கள். அகலத் தட்டு வைத்த மாதிரியை மாடப்புறா குத்தகைக்கு எடுத்துவிடும், பின்னாலேயே எச்சமும் பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். கீழே சிந்தியதைச் சாயங்காலம் கூட்டாவிட்டால் எலி வரும். நாகமலை, அழகர்கோயில் பக்கம் என்றால் மயிலே வரும். வந்தால் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டுத்தான் போகும், தயாராக இருங்கள். சிரட்டையில் செய்கிறவர்கள் அடியில் துளை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கம்பு பூஞ்சை பிடித்தால் அது தீனி இல்லை, விஷம். கண்ணைச் சுற்றிக் கொப்புளத்தோடோ, சிலிர்த்துக்கொண்டு நகராமலோ ஒரு பறவையைப் பார்த்தால் தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரம் எடுத்துவிடுங்கள். ஒரே தட்டில்தான் நோய் பரவும்.

கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் கருவேப்பிலைப் பழமே போதும், செடியை ஒட்ட வெட்டாமல் விடுங்கள். தேன்சிட்டுக்குச் சீனித் தண்ணீர் வேண்டாம், இட்லிப்பூவும் செம்பருத்தியும் வையுங்கள். பூச்சிமருந்து அடிக்காதீர்கள், தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும். ஓர் ஓரத்தில் கொஞ்சம் புழுதி மண்ணை அப்படியே விட்டால், அதில் புரண்டு மண் குளியலும் போடும்.

ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கிறீர்கள் என்றால், இதையும் அவரிடம் சொல்லிவிடலாம். கொட்டிவிட்டு ஊற்ற வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.