கேள்வி – பதில்: கூடி விளையாடப் பழக்குவது எப்படி?

எனது மகனுக்கு ஏழு வயது, ஓட்டிசம் உள்ளது. இரண்டு மூன்று சொல் சேர்த்துக் கதைப்பான். பிள்ளைகளோடு பழகட்டும் என்று பிறந்தநாள் விழா, அறநெறி வகுப்பு எல்லாவற்றுக்கும் கூட்டிப் போகிறேன். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நிற்கிறான். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பிறந்தநாள் விழாக்களைக் கொஞ்சக் காலத்துக்கு விடுங்கள். பாட்டு, பலூன் சத்தம், ஓடித்திரியும் பிள்ளைகள் என்று எல்லாம் ஒரேயடியாக வந்தால் அவனால் தாங்க முடியாது. காதைப் பொத்துவது அதைத்தான் சொல்கிறது. அதைப் பிடிவாதம் என்று எடுக்க வேண்டாம்.

ஒரேயொரு பிள்ளையோடு தொடங்குங்கள். உங்கள் தொடர்மாடியிலேயே, ஓரிரு வயது மூத்த, பொறுமையான பிள்ளை கிடைத்தால் நல்லது. எல்லாவற்றையும் தானே செய்து கொடுக்கும் 'குட்டி அம்மா' மட்டும் வேண்டாம். உங்கள் மகனுக்கு வாய் திறக்கவே தேவை வராது.

முதல் சில நாள் ஒரே பாயில் இருந்து தனித்தனியாக விளையாடினால் போதும். பக்கத்தில் இருந்து அவரவர் பாட்டில் விளையாடுவதும் ஒரு படிதான் என்று பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரட் பார்ட்டன் 1932இலேயே எழுதிவிட்டார். அதன்பிறகு கட்டை அடுக்கும் விளையாட்டுக்குப் போகலாம். டேனியல் லெகோஃப் என்ற உளவியலாளர் 2004இல் லெகோ கட்டைகளை வைத்து எழுதிய முறை இது. ஒருவர் படத்தைப் பார்த்து எந்தக் கட்டை, எங்கே என்று சொல்வார், ஒருவர் அதைத் தேடி எடுத்துக் கொடுப்பார், ஒருவர் பொருத்துவார். மூவரில் ஒருவர் நின்றாலும் வேலை நின்றுவிடும்.

பிள்ளைகள் இருவர்தான் என்பதால் படம் முதலில் உங்கள் கையில் இருக்கட்டும். சொல்லும் வேலைக்குத்தான் மொழி அதிகம் வேண்டும். மகனுக்குக் கட்டை எடுத்துக் கொடுக்கும் வேலையைக் கொடுங்கள். 'சிவப்பு, பெரிசு' என்பதைக் கேட்டு எடுத்தால் போதும். அது பழகியதும் பொருத்தட்டும், கடைசியாகப் படம் அவன் கைக்குப் போகட்டும். பத்துப் பன்னிரண்டு கட்டையில் முடியும் உருவமாகத் தெரிவு செய்யுங்கள். அதைவிடப் பெரிதானால் காத்திருந்தே களைத்துவிடுவான். படத்தை மற்றவர்கள் கண்ணில் படாமல் பிடிப்பது முக்கியம். பொருத்துபவர் படத்தைக் கண்டுவிட்டால் யாரையும் கேட்காமல் தானே கட்டி முடித்துவிடுவார், விளையாட்டின் நோக்கமே போய்விடும்.

பெரும்பாலும் பிழைப்பது பெரியவர்களால்தான். 'அவன் நீலம் கேட்கிறான்' என்று நீங்கள் மொழிபெயர்க்கத் தொடங்கினால் இரு பிள்ளைகளும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அப்போதும் கேட்காவிட்டால், கட்டை வைத்திருக்கும் பிள்ளையை விரலால் காட்டுங்கள். பறித்தால் திட்டாமல், 'தா' என்று கை நீட்டும் படத்தைக் காட்டுங்கள். கட்டியது உடைந்தால் திருப்பிக் கட்டலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சண்டையில் பாதி அதில்தான் வரும்.

இருபது நிமிடம் காணும். கட்டுவது, பிஸ்கட் சாப்பிடுவது, நண்பர் தன் வீட்டுக்குத் திரும்பிப் போவது என மூன்று படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டி, முடிய முடியக் கழற்றுங்கள். இன்னும் விளையாட ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள். நீங்கள் வாய் திறக்காமலே இருவரும் வேலை மாற்றிக்கொள்ளத் தொடங்கியதும் மூன்றாவது பிள்ளையைச் சேர்க்கலாம்.

அறநெறி வகுப்புக்கு மண்டபம் நிறைய முன்பே போய்விடுங்கள். புத்தகம் பகிர்ந்து கொடுப்பது போன்ற ஒரு வேலையை ஆசிரியையிடம் கேட்டு வாங்குங்கள். முதலில் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் தமிழ், கீழ்வீட்டுப் பிள்ளைகளோ சிங்களம். ஓட்டிசம் உள்ள மகன் குழம்பிவிடுவானா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

இல்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மொழியால் பேச்சு பிந்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. தமிழை நிறுத்தினால் அம்மம்மாவோடு கதைக்கும் வாய்ப்புத்தான் போகும். விளையாட்டுக்குப் படங்களையே பாவியுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒன்பது வயது மகள் காண்பவர்களை எல்லாம் கட்டிப்பிடிக்கிறாள்.
– பம்பலப்பிட்டி வாசகி

வீட்டாருக்குக் கட்டிப்பிடித்தல், மற்ற எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் என்று ஒரே விதி வையுங்கள். 'சின்னப்பிள்ளைதானே' என்று ஒரு மாமா இடம் கொடுத்தாலும் விதி குழம்பிவிடும். பதினைந்து வயதில் அது அவளுக்கே ஆபத்து. நாலைந்து பிள்ளைகள் வட்டமாக இருந்து, பெயர் சொல்லி, வணக்கம் வைத்துப் பந்தை உருட்டி விடும் விளையாட்டில் நன்றாகப் பழகும். குட்டிக்கரணம், டிராம்போலின் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம். டவுன் சிண்ட்ரோமில் சிலருக்குக் கழுத்தின் மேல் மூட்டு தளர்வாக இருக்கும்.