முகச் சீரமைப்பு: எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை?

முகத்தில் அடி, பிறவிப் பிளவு, தோல் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பொறுத்துச் செய்ய வேண்டியதற்குத்தான் பலரும் பறக்கிறார்கள். அன்றே ஓட வேண்டியதை ‘வீக்கம் வடியட்டும்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். பதில்களில் நேரக் கணக்கு அதிகம் வருவது அதனால்தான்.

கேள்வி: பிறந்து இருபது நாளான எங்கள் மகனுக்கு உதடும் அன்னமும் (வாயின் மேற்கூரை) பிளந்திருக்கின்றன. மூன்று மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர். வீட்டுப் பெரியவர்கள் இப்போதே செய்துவிடச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

டாக்டர் பேச்சைத்தான். உதட்டு அறுவைக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: பத்து வாரம், பத்து பவுண்டு, ஹீமோகுளோபின் பத்து. பத்து பவுண்டு என்றால் சுமார் 4.5 கிலோ. மயக்க மருந்தைக் குழந்தை தாங்குவதற்கான குறைந்தபட்ச அளவு இது. இப்போது பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்கிறார்கள்.

அதுவரை உங்கள் வேலை எடையை ஏற்றுவது. அன்னம் பிளந்திருந்தால் வாய்க்குள் காற்று நிற்காது. எவ்வளவு முயன்றாலும் பிள்ளையால் மார்பில் உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீய்ச்சி, சங்கிலோ கரண்டியிலோ, மெல்ல அமுக்கினால் பால் வரும் மிருதுவான பாட்டிலிலோ கொடுங்கள். படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள்; தலை நன்றாக உயர்ந்திருக்கட்டும். காற்றை அதிகம் விழுங்குவான், அதனால் நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விடச்செய்யுங்கள். மூக்கு வழியே பால் வந்தால் பதற வேண்டாம், துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஒரு வேளைப் பாலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தால், குடிக்கும் உழைப்பிலேயே குடித்தது செலவாகிவிடும். நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அறுவை நாள் வரும்வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

அறுவையில் தோலை மட்டும் சேர்த்துத் தைப்பதில்லை. வாயைச் சுற்றி வளையமாக ஓட வேண்டிய தசை, பிளவில் மேல்நோக்கித் திரும்பி மூக்கடியில் ஒட்டியிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து எதிர்ப்பக்கத் தசையோடு இணைப்பதே முக்கிய வேலை. தோலை மட்டும் தைத்தால் தூங்கும் குழந்தையின் உதடு அழகாகத் தெரியும். அழ ஆரம்பித்தால் இரு பக்கமும் தசை உருண்டு புடைக்கும்.

அன்னத்துக்கு 9 முதல் 18 மாதம். பேச்சு படிவதற்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் ‘ப’, ‘க’ போன்ற ஒலிகள் மூக்கு வழியே ஒழுகும். சரியாகச் செய்தும் சிலருக்குப் பேச்சுக்காக இன்னோர் அறுவை தேவைப்படும். யாரும் தவறு செய்ததாக அதற்குப் பொருளில்லை. காதை மறந்துவிடாதீர்கள்: நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறப்பதும் அன்னத்துத் தசைதான். அது வேலை செய்யாவிட்டால் காதுக்குள் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். ஈறிலும் பிளவு இருந்தால், கோரைப்பல் முளைப்பதற்கு முன், பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே நிரப்புவார்கள். தாடை அறுவை தேவைப்பட்டால் முக வளர்ச்சி நின்ற பிறகு.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு மேலுதடும் கன்னமும் கிழிந்துவிட்டன. மருத்துவமனை போய்ச் சேர எட்டு மணி நேரமாயிற்று. ஆறு மணி நேரம் தாண்டினால் தையல் போடக் கூடாதாமே?

முகத்துக்கு அந்தக் கெடு பொருந்தாது. இங்கே ரத்த ஓட்டம் அபாரம். நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்த காயத்தைப் பொதுவாக 24 மணி நேரம் வரையிலும், சில சமயம் அதன் பிறகும்கூடத் தைக்கலாம். மெல்லிய காம்பில் தொங்கும் தோல்கூட முகத்தில் பிழைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வெட்டி எறியக் கூடாது.

மணிக்கணக்கைவிடப் பெரிய விஷயம், மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன் என்ன பார்த்தார்கள் என்பது. புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஊசி போட்டுவிட்டால் எல்லாமே மரத்துவிடும். முக நரம்பு அறுந்ததா, மருந்தால் அசையவில்லையா என்று பிரித்தறிய முடியாது. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் காதுக்கும் நடுவில் நரம்பு அறுந்து அசைவு போயிருந்தால் தேடித் தைக்க வேண்டும், அதுவும் 72 மணி நேரத்துக்குள். அதுவரை அறுந்த நரம்பின் தூரத்து முனையை மின்தூண்டலால் தொட்டால் தசை துடிக்கும். அந்தத் துடிப்பை வைத்துத்தான் முனையைக் கண்டுபிடிக்கிறார்கள். கெடு கடந்தால் துடிப்பும் நின்றுவிடும், பிறகு இருட்டில் துழாவுவதுதான். கோட்டுக்கு மூக்குப் பக்கம் உள்ளவை மயிரிழைக் கிளைகள்; பெரும்பாலும் தாமாகத் தேறும். தைத்த நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம்தான் வளரும், ஆகவே அசைவு திரும்ப மாதங்கள் ஆகும்.

காதின் முன்மேட்டிலிருந்து மேலுதட்டின் நடுவுக்கு இன்னொரு கோடு. இதன் நடுப் பகுதியை வெட்டு குறுக்கிட்டால் உமிழ்நீர்க் குழாய் அறுந்திருக்கலாம். பார்க்காமல் தைத்துவிட்டால், சாப்பிட உட்காரும்போதெல்லாம் கன்னம் வீங்கும். அல்லது காயத்தின் வழியே எச்சில் கசியும்.

உதட்டில் கவனிக்க வேண்டியது, சிவப்பும் தோலும் சந்திக்கும் விளிம்பு. ஊசி மருந்து இறங்கியதும் வீங்கி அந்தக் கோடு கலைந்துவிடும் என்பதால் இரு முனையிலும் முன்னதாகவே மைப்புள்ளி வைக்க வேண்டும். முதல் தையல் அந்தப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் படி விழுந்தாலும் எதிரில் நின்று பேசுகிறவர் கண்ணுக்குத் தெரியும். உள்சவ்வு, தசை, தோல் என்று தனித்தனி அடுக்காகத் தைப்பார்கள்.

தார்ச்சாலைத் துகள்களை அன்றைக்கே தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஆறிய பிறகு அவை பச்சை குத்தியதுபோல் நிரந்தரமாகிவிடும். புருவத்தை மழிக்க விடாதீர்கள், பொருத்துவதற்கு அடையாளமே அதுதான். தையலை ஐந்து முதல் ஏழு நாளில் பிரிக்க வேண்டும், விட்டுவைத்தால் ஏணிப்படித் தழும்பு விழும். காதோ மூக்கு நுனியோ துண்டாகிப் போனால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையை ஐஸில் வையுங்கள். துண்டு நேரடியாக ஐஸில் படக் கூடாது.

கேள்வி: மகள் கன்னத்தில் நாய் கடித்துவிட்டது. தழும்பு விழாமல் உடனே தைக்கச் சொல்லலாமா?

முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். முகக் கடிக்குத் தடுப்பூசி மட்டும் போதாது. வெறிநோய்க்கான இம்யூனோகுளோபுலினை, அதாவது கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலைப் புரதத்தை, காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்த வேண்டும். தையல் தேவையானால் அதற்குப் பிறகு, சில மணி நேரம் விட்டு, இறுக்காமல். தழும்பைப் பிறகு சரிசெய்யலாம், வெறிநோய் வந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி: பந்து பட்டு மகனுக்குக் கண்ணுக்குக் கீழே அடி. கண் சிவக்கவில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் மேலே பார்த்தால் வாந்தி எடுக்கிறான். பொறுத்துப் பார்க்கலாமா?

கூடாது. இதைப் படிக்கும் நேரத்தில் புறப்படுங்கள். பிள்ளைகளின் எலும்பு வளையும் தன்மை உள்ளது. கண்குழியின் தரை உடைந்து பொறிக்கதவுபோல் திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே பார்க்கும்போது தசை இழுபட்டு, வாந்தி வரும், நாடித் துடிப்பு குறையும். ரத்தம் ஓடாத தசை செத்தால் இரட்டைப் பார்வை தங்கிவிடும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் விடுவிக்க வேண்டும். வாந்தியைப் பார்த்துத் தலைக்காயம் என்று நினைத்துக் கண்ணை விட்டுவிடுவதும் நடக்கிறது. கண் அசைவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் வைக்கிறார்களா?

வாரா வாரம் வரும் கேள்வி. வடிவம் கொடுப்பது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பிளாஸ்டிக் சாமான்கள் வருவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. உடைந்த தாடைக்கு வைப்பது டைட்டானியம் தகடு. வேடிக்கை என்னவென்றால், கண்குழித் தரைக்குச் சில சமயம் நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் தகடு வைப்பார்கள். அது மட்டும் அசல் பிளாஸ்டிக்!

கேள்வி: அம்மாவின் மூக்கில் ஆறாத புண். பயாப்ஸியில் பேசல் செல் புற்றுநோய் (தோல் புற்றுநோயில் ஒரு வகை) என்று வந்தது. எடுத்துவிட்டு நெற்றித் தோலால் மூக்கைச் செய்வோம் என்கிறார்கள். தொடைத் தோலை ஒட்டினால் போதாதா?

மேலோட்டமான சிறு குழி என்றால் தோல் ஒட்டு போதும்; அப்போதும் தொடையைவிடக் காதின் பின்புறத் தோல்தான் முகத்து நிறத்துக்குப் பொருந்தும். ஆனால் ஒட்டுத் தோலுக்குச் சொந்த ரத்தம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியிலுள்ள திசுவின் நீரை உறிஞ்சித்தான் உயிர் வாழும். அதன் பிறகே ரத்தக் குழாய்கள் இணையும். உறை உரிந்த எலும்பின் மேலோ குருத்தெலும்பின் மேலோ உறிஞ்ச ஒன்றுமில்லை, ஒட்டு செத்துவிடும். தவிர, அது சுருங்கி மூக்கு விளிம்பை மேலே இழுத்துவிடும்.

நெற்றித் தோல் தன் ரத்தக் குழாயோடு வருகிறது. புருவத்தின் உள் ஓரத்தில் ஏறும் ஒரு தமனியை ஒன்றரை சென்டிமீட்டர் அகலக் காம்பில் வைத்துக்கொண்டு, தோலை அப்படியே திருப்பி மூக்கில் பொருத்துவார்கள். சுமார் மூன்று வாரம் இரு கண்களுக்கும் நடுவே அந்தக் காம்பு பாலம்போல் தொங்கும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் படம் போட்டுக் காட்டிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கண்ணாடியைப் பார்த்து மிரண்டுபோவார். முதல் இரண்டு நாள் காம்பின் அடியிலிருந்து ரத்தம் கசியும். மூக்குக்கண்ணாடி போட முடியாது. மூக்கில் புது ரத்தக் குழாய்கள் ஏறிய பிறகு காம்பை வெட்டுவார்கள். விளிம்பு மடங்காமல் நிற்கக் காதின் குருத்தெலும்பு ஒரு துண்டு வைப்பதுண்டு. நெற்றியில் மேலே தைக்க முடியாமல் விட்ட இடம் தானாகவே ஆறும், வியக்கும்படி நன்றாகவே ஆறும்.

சுஸ்ருத சம்ஹிதை கன்னத்துத் தோலால் மூக்கு அமைக்கச் சொல்கிறது. நெற்றித் தோல் முறையை இந்தியாவில் கண்டு எழுதிய கடிதம் 1794-இல் லண்டன் இதழ் ஒன்றில் வந்த பிறகுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: “விளிம்பில் நோய் இல்லை என்று உறுதியான பிறகுதானே மூடுவீர்கள்?” சிறிய, ஆபத்து குறைந்த கட்டிக்குச் சுற்றி 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். மூக்கு, இமை போன்ற இடங்களில் மோஸ் முறை சிறந்தது. மெல்லிய அடுக்காக எடுத்து, அதன் விளிம்பும் அடியும் முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் மிஞ்சிய மூலையில் மட்டும் மறுபடி எடுப்பார்கள். அந்த வசதி இல்லையென்றால் கட்டுப் போட்டு, முழு ரிப்போர்ட் வரும்வரை சில நாள் காத்திருப்பதே மேல். மிச்சம் வைத்து அதன் மேல் அழகான மூக்கைக் கட்டினால், நோய் அடியில் வளர்வது வெளியே தெரியாது. திரும்ப வெட்டினால் நெற்றித் தோலும் வீணாகும்.

கேள்வி: மகளுக்கு ஒரு காது குருத்துபோல் சிறியதாக இருக்கிறது. எப்போது சரிசெய்யலாம்?

காது மடலுக்கு அவசரமில்லை. கேட்கும் திறனுக்கு உண்டு. சோதனையை முதல் மாதங்களிலேயே செய்யுங்கள். தேவைப்பட்டால் எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவியைத் தலைப்பட்டையில் மாட்டலாம். மடலை விலா எலும்பின் குருத்திலிருந்து செதுக்குவார்கள். அதற்குப் போதிய குருத்து வளர 8 முதல் 10 வயதாக வேண்டும்.

கேள்வி: தழும்புக்கு எந்த க்ரீம் நல்லது?

விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். காயம் மூடியதும் சிலிகான் பட்டையை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல், இரண்டு மூன்று மாதம் ஒட்டுங்கள். வெயில் படாமல் காப்பாற்றுங்கள். தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்; சிவந்திருக்கும்போதே திருத்த அறுவைக்கு ஓட வேண்டாம். கீலாய்டாக, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டிப் புடைத்து வளர்ந்தால், வெறுமனே வெட்ட விடாதீர்கள், பெரும்பாலும் முன்னைவிடப் பெரிதாக வரும். ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்துத்தான் சிகிச்சை.

கேள்வி: அப்பாவுக்குக் கன்னத்தில் தோல் ஒட்டுப் போட்டார்கள். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது கருநீலமாக இருக்கிறது. போய்விட்டதா?

நிறத்தை மட்டும் வைத்து இப்போது முடிவு சொல்ல முடியாது. தோலின் முழு ஆழத்தையும் எடுத்து வைக்கும் முழுத்தடிமன் ஒட்டு முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். மேல்தோல் கறுத்து உரிந்தாலும், அடியில் இளஞ்சிவப்பு தெரிந்தால் ஒட்டுப் பிடித்திருக்கிறது. ஒட்டைக் கெடுப்பவை மூன்று: அடியில் தேங்கும் ரத்தம், மேலே ஏற்படும் உரசல், சீழ். புகைப்பவராக இருந்தால் இப்போது ஒரு பீடிகூட ஆகாது. நிகோடின் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வாசலின் தடவி ஈரமாக வைத்திருங்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். நாற்றம், சீழ், காய்ச்சல் எது வந்தாலும் அடுத்த சோதனை நாளுக்குக் காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.